இரண்டு விரற்கடை

ரோஜா எதற்கு என்று
கேக்கைப் பார்த்து யாரும் கேட்டதில்லை.
வண்டியைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள்:
இவ்வளவு தாழ்வாய் எதற்கு, டோராலிசே?

எண்பத்தேழாம் வருஷத்து மராஜோ.
வாழைக்காய்ப் பச்சை.
பின்கதவைத் தூக்கினால்
மூன்றடுக்குக் கல்யாண கேக் நிமிர்ந்து உட்காரும்.
விற்ற பையன்
ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை அறுத்து எறிந்திருந்தான்.
கோழியை நோக்கிப் போகும் பூனை மாதிரி
வயிறு மண்ணில் படாமல் பட்டு நின்றது.
விலை கேட்கும் முன்பே
மனசு சாவியை வாங்கிவிட்டது.

முதல் ஆர்டர் ஒரு பண்ணை வீட்டுக்கு.
கோயாஸின் செம்மண், பதினெட்டு கிலோமீட்டர்.
மழையில் கரும்பு லாரிகள் உழுதுவிட்டுப் போனதை
வெயில் அப்படியே சுட்டு வைத்திருந்தது.
ஒவ்வொரு மேடும்
என் முதுகெலும்பை ஒரு தடவை எண்ணிப் பார்த்தது.
போய்ச் சேர்ந்தபோது நடு அடுக்கு
அன்னாசி ஜாமோடு ஜன்னலில் சாய்ந்து
வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.
மணப்பெண்ணின் தாய் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு கரண்டி கொண்டுவந்தாள்.

உயர்த்திவிடு என்றார்கள்.
என் மச்சான் ஜூராசி, பால்காரர்,
பாதிரியார்கூட.

எவாண்ட்ரோவின் பட்டறையில் சொன்னேன்:
தாழ்வாகவும் இருக்க வேண்டும்,
கேக்கும் நிற்க வேண்டும்.
சிரித்தான்.
அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு
வண்டிக்கடியில் போய்ப் படுத்தான்.
கால்மணி நேரம் செருப்பு மட்டும் தெரிந்தது.

அறுத்த வில்
குட்டையாவதோடு நிற்காது, முரடாகவும் ஆகும்
என்றது செருப்பு.
அமுங்க இடமே இல்லை.
தடுப்பு ரப்பரின் தலையில் உட்கார்ந்துதான்
ஊரெல்லாம் போயிருக்கிறாய்.
வில்லுக்கும் ஒரு பயணம் உண்டு, சீமாட்டி.
நாலு விரற்கடைதான்.
அதைப் பிடுங்கிக்கொண்டால்
உன் பதினெட்டு கிலோமீட்டரும்
உன் இடுப்பில்தான் வந்து இறங்கும்.

புது ஸ்பிரிங் வர மூன்று வாரம்.
ஒரு பக்கம் நெருக்கிச் சுற்றியது, மறுபக்கம் விட்டுச் சுற்றியது;
சின்னக் குழிக்கு இளகும்,
பெரிய குழிக்கு முறுக்கிக்கொள்ளும்.
அதற்கேற்ற குட்டை டாம்பர்.
தடுப்பு ரப்பரைப் பாதியாய் நறுக்க
என் ரொட்டிக் கத்தியைக் கேட்டான்.
கொடுத்தேன். திருப்பி வாங்கவில்லை.
பையன் மாட்டிய தோசை டயர்களைக் கழற்றிவிட்டு
கன்னம் உப்பிய பழைய அளவையே போட்டான்.
காற்றும் ஒரு வில்தான் என்று
இரண்டு பவுண்டு குறைத்தும் விட்டான்.

சோதனைக்குக் கேக் தர எனக்கு மனசில்லை.
புட்டிங் செய்தேன்.
பின்சீட்டில் எவாண்ட்ரோ,
மடியில் தட்டு, தட்டில் புட்டிங்.
ஆற்றோரச் சாலையில் மெதுவாக, பிறகு வேகமாக.
கண்ணாடியில் பார்த்தேன்:
மூச்சை அடக்கிக்கொண்டு
தொட்டிலைப் பார்க்கிறவன் போல அதையே பார்த்திருந்தான்.
நடுங்கலாம், நகரக்கூடாது
என்பது எங்கள் ஒப்பந்தம்.

மூன்றாவது குழியில் நகர்ந்தது.

இரண்டு விரற்கடை ஏற்றித்தான் ஆகவேண்டும் என்றான்.
எனக்குக் கோபம்.
ரோஜாவில் இரண்டு இதழைக் கிள்ளிவிட்டு
ரோஜாதானே என்று நீட்டினால் நீ வாங்குவாயா?
வாங்குவேன், என்றான் அந்தப் பாவி,
கேக்கோடு வந்தால்.

ஏற்றினோம்.
புட்டிங்கை அவன் வீட்டிலேயே முடித்தோம்.
கூலியில் அதைக் கழிக்க மறுத்துவிட்டான்.

இப்போது பூனை பாயப் போவதில்லை,
படுத்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.
வேகத்தடையைக் கண்டால் கோணலாய் ஏறுகிறேன்,
ஒரு சக்கரம், பிறகு இன்னொன்று,
குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிறவள் போல.
பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறான்.
அடிக்கட்டும்.
உபரியாய் ஏழு ரோஜாக்கள்
டப்பாவில் எப்போதும் இருக்கும்.

இருந்தாலும் கல்யாண வீட்டு வாசலில்,
அந்தக் கடைசிக் கல்லில்,
சைலன்சர் லேசாய் ஒரு உரசு உரசும்.
உடனே உள்ளே யாரோ சொல்வது கேட்கும்:
கேக் வந்துவிட்டது.